ஒரு பிராட்பேண்ட் இணைப்பு, பல கணினிகள்: பகிர்வது எப்படி? எதுவரை பகிரலாம்?

சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையில் இருக்கிறது சுங்குவார்சத்திரம். சாம்சங், ஃபாக்ஸ்கான் போன்ற பெரிய தொழிற்சாலைகள் வந்த பிறகு இந்த வட்டாரத்தில் வீடு கட்டுபவர்கள் தமக்கென்று மட்டும் கட்டுவதில்லை. கீழே தாம் குடியிருந்துகொண்டு, மேலே இரண்டு மூன்று போர்ஷன்களை வாடகைக்கு விடுகிறார்கள். வெளிமாவட்டங்களிலிருந்து வேலைக்கு வரும் குடும்பங்கள் அவற்றில் குடியேறுகின்றன. தண்ணீர்த் தொட்டி பொது, மொட்டை மாடி பொது. இப்போது அந்த வரிசையில் இணையமும் சேர்ந்துவிட்டது.

‘ஒரே கனெக்‌ஷனை எல்லாரும் போட்டுக்கொண்டால் என்ன?’ என்ற கேள்வி நம் குடும்பங்களில் அடிக்கடி எழுகிறது. கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தொழில்நுட்ப ரீதியாக இது எப்படி நடக்கிறது? வேகம் எல்லாருக்கும் போதுமா? யாருடன், எந்த எல்லை வரை பகிரலாம்? முதல் இரண்டுக்கும் கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார். மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. சிக்கல் வருவதோ பெரும்பாலும் அங்கிருந்துதான்.

ஒரு கதவு எண், பல அறைகள்

இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். இதை ஐபி முகவரி என்கிறோம். நீண்டகாலமாகப் புழக்கத்தில் உள்ள முகவரி முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகளே உண்டு. உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. ஒருவரிடமே கைபேசி, மடிக்கணினி, டிவி என்று மூன்று நான்கு கருவிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் தனி முகவரி கொடுக்க வழியில்லை.

அதனால் வீட்டுக்கு வெளியே தெரியும் முகவரி ஒன்று, வீட்டுக்குள் புழங்கும் முகவரிகள் பல என்று பிரித்தார்கள். 192.168 என்று தொடங்கும் எண்களை உங்கள் ரவுட்டரில் பார்த்திருப்பீர்கள். அவை வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரிகள். உலகம் முழுவதும் கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண்கள்தான் இருக்கின்றன. வெளியே அவற்றுக்கு மதிப்பில்லை.

தபால்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கதவு எண் மட்டும்தான் தெரியும். கடிதத்தை வாங்கி, இது அத்தாவுக்கு, இது அக்காவுக்கு என்று உள்ளே பிரித்துக் கொடுப்பவர் வீட்டில் ஒருவர் இருப்பார். அந்த வேலையைச் செய்வதுதான் ரவுட்டர். மகளின் கணினி ஒரு பக்கத்தைக் கேட்டால், ‘இதைக் கேட்டது இந்தக் கருவி’ என்று ரவுட்டர் ஒரு பட்டியலில் குறித்துக்கொள்கிறது. பிறகு தன் முகவரியைப் போட்டு வெளியே அனுப்புகிறது. பதில் வந்ததும் பட்டியலைப் பார்த்துச் சரியான கருவிக்குத் திருப்பிவிடுகிறது.

இதில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பத்துப் பேர் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ஒரே முகவரி. அது யார் பெயரில் இணைப்பு இருக்கிறதோ அவருடையது.

அன்று ஒரு கணினி, இன்று ஒரு பெட்டி

2004-இல் இந்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டபோது, 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் எனப்பட்டது. 2005 தொடக்கத்தில் பிஎஸ்என்எல் தொலைபேசிக் கம்பி வழியாக அந்தச் சேவையைத் தொடங்கியது. அன்று பல வீடுகளுக்குக் கிடைத்தது ஒரே துளை கொண்ட மோடம். அதில் ஒரு கணினியை மட்டுமே இணைக்க முடியும். இரண்டாவது கணினி வேண்டுமென்றால், முதல் கணினியில் இன்னொரு நெட்வொர்க் கார்டைப் போட்டு, விண்டோஸில் உள்ள இணைப்புப் பகிர்வு வசதியை இயக்குவார்கள். முதல் கணினியை அணைத்தால் இரண்டாவதற்கும் இணையம் போய்விடும்.

இன்று அந்தத் தொல்லை இல்லை. ஃபைபர் இணைப்பு போட வருபவர் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியே பெரும்பாலும் மோடம், ரவுட்டர், வைஃபை மூன்றின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. பின்னால் இரண்டு அல்லது நான்கு லேன் துளைகளும் இருக்கும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

வீட்டுக்குள் இணைக்கும் முறை

ஓரிடத்திலேயே இருக்கும் மேசைக் கணினி, டிவி ஆகியவற்றுக்கு முடிந்தவரை லேன் கேபிளே போடுங்கள். ஒரே கேபிள் 100 மீட்டர் தூரம் வரை தாங்கும். வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கேபிள்களும் கடைகளில் உண்டு. ஈபி ஒயரோடு சேர்த்து ஒரே குழாயில் கேபிளை இழுக்காதீர்கள்.

கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் வைஃபை. இதில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கின்றன. 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. 5 வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். பெட்டி இருக்கும் அறையில் 5-ஐயும், தள்ளியுள்ள அறையில் 2.4-ஐயும் பயன்படுத்துங்கள். லைன் வீடுகள் அடுத்தடுத்து இருக்கும் தெருவில் இருபது ரவுட்டர்கள் ஒரே 2.4 அலைவரிசையில் மோதிக்கொள்ளும். ரவுட்டர் அமைப்புக்குள் சென்று சேனலை 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றுக்கு மாற்றினால் முன்னேற்றம் தெரியும். பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் மறைத்து வைக்காதீர்கள்.

மாடிக்கு சிக்னல் எட்டவில்லையா? பலர் உடனே ரிப்பீட்டர் வாங்குகிறார்கள். சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதைவிட நல்லது, கீழிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிளை இழுத்து, மேலே இன்னொரு ரவுட்டரை வைப்பது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரே போதும். அதில் மூன்று மாற்றங்கள் செய்ய வேண்டும்:

1. முதல் ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால், இரண்டாவதற்கு 192.168.1.2 என்று கொடுங்கள்.

2. இரண்டாவதில் டிஹெச்சிபி என்ற வசதியை நிறுத்திவிடுங்கள். வீட்டுக் கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலை அது. இரண்டு பேர் அந்த வேலையைச் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

3. கீழிருந்து வரும் கேபிளை இரண்டாவது ரவுட்டரின் வேன் துளையில் செருகாமல், லேன் துளையில் செருகுங்கள்.

சில ரவுட்டர்களில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற ஒரே தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் முகவரி, டிஹெச்சிபி மாற்றங்களை அதுவே செய்துகொள்ளும். கேபிளை எந்தத் துளையில் செருகுவது என்பதை அந்த மாடலின் கையேடு சொல்லும்.

கரன்ட் போனால் பெட்டியும் அணைந்துவிடும். ஆன்லைன் வகுப்போ தேர்வோ இருக்கும் வீட்டில் ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

எவ்வளவு வேகம் போதும்?

விளம்பரத்தில் வரும் எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு. நாம் கோப்புகளை அளப்பது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எனவே 40 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 5 எம்பிதான் இறங்கும். ‘40 என்றார்கள், 5தான் வருகிறது, ஏமாற்றிவிட்டார்கள்’ என்று சண்டைக்குப் போவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வீடியோ வகுப்புக்கு ஏறத்தாழ 1 முதல் 4 எம்பிபிஎஸ் தேவை. நல்ல தெளிவான யூடியூப் காணொளிக்கு சுமார் 5. அப்படியானால் 40 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரே நேரத்தில் ஐந்தாறு பேர் சிரமமின்றிப் பார்க்கலாம்.

மாத அளவையும் கணக்கிடுவோம். 5 எம்பிபிஎஸ் காணொளியை ஒரு மணிநேரம் பார்த்தால் 2.25 ஜிபி செலவாகும். நான்கு குடும்பங்கள் நாளுக்குத் தலா 4 மணிநேரம் பார்த்தால் 36 ஜிபி. மாதத்துக்கு 1080 ஜிபி. இன்றைய ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் மாத வரம்பு 3300 ஜிபி. எனவே அளவில் தட்டுப்பாடு வராது.

பிறகு ஏன் தடங்கல்? யாரோ ஒருவர் ஒரே நேரத்தில் எல்லா வேகத்தையும் எடுத்துக்கொள்வதால். ஒரு கணினி 5 ஜிபி அப்டேட்டை இறக்கத் தொடங்கினால், 40 எம்பிபிஎஸ் இணைப்பு ஏறக்குறைய 17 நிமிடங்களுக்கு நிரம்பிவிடும். அந்த 17 நிமிடத்தில் பக்கத்து அறையில் தங்கையின் வகுப்பு திக்கித் திணறும். கைபேசிப் படங்கள் தாமாக கூகுளுக்கு ஏறுவதும் இப்படித்தான். அப்டேட்டை இரவு 12 மணிக்கு மேல் வைத்துக்கொள்வது, ரவுட்டரில் வசதி இருந்தால் படிக்கும் பிள்ளையின் கணினிக்கு முன்னுரிமை கொடுப்பது, இவ்விரண்டும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

ஷிப்ட் வேலைக்காரர்கள் இருக்கும் வீட்டில் ஓர் அனுகூலம் உண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை. நெரிசல் இரவு 8 முதல் 10 வரைதான். அந்த இரண்டு மணிநேரத்துக்கு மட்டும் வீட்டில் ஒரு பேச்சு வைத்துக்கொண்டால் போதும்.

யாருக்கு முதலில் நிறுத்துகிறோம்?

இணைப்பு ஒன்று, ஆட்கள் பலர் என்றாகிவிட்டால் பங்கீடு என்ற கேள்வி வந்துவிடும். பல வீடுகளில் மேசைக் கணினியும் கேபிளும் அண்ணனுக்கு. தங்கைக்கு அத்தாவின் பழைய கைபேசி, அதுவும் அவர் வேலை முடிந்து வந்த பிறகு. ‘பிள்ளை கெட்டுப்போய்விடும்’ என்ற அச்சத்தில் முதலில் நிறுத்தப்படுவதும் மகளின் இணைப்புதான்.

கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் ஸ்ரீநாராயண குரு கல்லூரி விடுதியில் மாணவிகள் படிப்பு நேரத்தில் கைபேசியைப் பயன்படுத்தத் தடை இருந்தது. அதை ஏற்க மறுத்து விடுதியிலிருந்து நீக்கப்பட்ட ஒரு மாணவி கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2019 செப்டம்பர் 19 அன்று வந்த தீர்ப்பு, இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் சேர்ந்தது என்று கூறி, அவரை மீண்டும் விடுதியில் சேர்க்கச் சொன்னது. விடுதிக்குச் சொல்லப்பட்ட நியாயத்தை நம் வீட்டிலும் யோசித்துப் பார்க்கலாம். கண்காணிப்பு வேண்டும் என்றால் அது மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

அதற்கு வழியும் இருக்கிறது. ரவுட்டரில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்ற இரண்டு எண்களைக் கொடுத்தால், ஆபாசத் தளங்களையும் தீங்கான தளங்களையும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் இலவசச் சேவை தடுத்துவிடும். ஒரே இடத்தில் செய்தால் வீட்டின் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும். ஆனால் இதை முழுமையான காவல் என்று நம்பிவிடாதீர்கள். பிள்ளை கைபேசியின் டேட்டாவுக்கு மாறினாலோ, விபிஎன் செயலி போட்டாலோ இந்தத் தடை பயன்படாது. அந்த இடத்தில் பெற்றோர் பேசித்தான் ஆக வேண்டும்.

பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமா?

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் ஐபி முகவரியைப் பின்தொடர்ந்த காவல்துறை, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. அவருடைய வைஃபைக்குச் சரியான பூட்டு இல்லை. வேறு யாரோ அதைப் பயன்படுத்தி அனுப்பியிருந்தார்கள். அவருக்குத் தொடர்பில்லை என்று தெளிவாவதற்குள் கணினிகள் பறிமுதல், விசாரணை என்று அவர் பட்ட பாடு செய்தித்தாள்களில் வந்தது. அதன் பிறகு 2009-இல் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது பற்றி இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல்களை அனுப்பியது.

வெளியே தெரிவது ஒரே முகவரி என்று முன்பு பார்த்தோமே, அதன் விளைவு இதுதான். மாடி போர்ஷனில் இருக்கும் இளைஞர் ஒரு மிரட்டல் பதிவு போட்டாலும், பண மோசடி செய்தாலும், விசாரணை முதலில் வருவது பில் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம். ‘நான் செய்யவில்லை’ என்று நிரூபிக்கும் வரை அலைய வேண்டியவரும் அவரே. இன்றுள்ள சூழலில் நம் குடும்பம் ஒன்று அப்படி அலைந்தால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, ஒப்பந்தம். வீட்டு இணைப்புக்கு நாம் கையெழுத்திடும் நிபந்தனைகளில், வீட்டுக்கு வெளியே பகிரக் கூடாது, மறுவிற்பனை செய்யக் கூடாது என்ற விதி பொதுவாக இருக்கும். ஒரே வீட்டில் மாடியிலும் கீழேயும் இருக்கும் அண்ணன் தம்பி பகிர்ந்துகொள்வது வேறு; நான்கு வாடகைக் குடும்பங்களிடம் தலைக்கு 200 ரூபாய் வசூலிப்பது வேறு. பின்னது விற்பனை. திருக்குர்ஆனின் மாயிதா அத்தியாயம் ஒப்பந்தங்களை நிறைவேற்றும் கட்டளையோடுதான் தொடங்குகிறது. ‘கம்பெனிக்குத் தெரியவா போகிறது’ என்ற சமாதானம் நமக்கு உதவாது. உங்கள் திட்டத்தின் நிபந்தனையை வாசியுங்கள்; புரியாவிட்டால் வாடிக்கையாளர் சேவையில் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

பல போர்ஷன்களுக்கு முறையாக இணையம் கொடுக்க விரும்பும் வீட்டுக்காரருக்குச் சட்டப்படியான வழி ஒன்று இருக்கிறது. மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டத்தின்படி, சிறு கடைக்காரரும் உரிமமோ பதிவுக் கட்டணமோ இல்லாமல் பொது வைஃபை வழங்கலாம். பயன்படுத்துபவர் யார் என்பதைச் செயலி வழியாக அந்த ஏற்பாடே உறுதிசெய்துகொள்ளும். 2025 ஜூனில் டிராய் வெளியிட்ட ஆணை, இத்தகையவர்களுக்கு 200 எம்பிபிஎஸ் வரையிலான ஃபைபர் திட்டங்களை வீட்டுக் கட்டணத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் விற்கக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. பக்கத்து வீட்டு வைஃபையை அவருக்குத் தெரியாமல் பயன்படுத்துவதைச் சில இளைஞர்கள் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். அடுத்தவரின் குழாயில் கேட்காமல் தண்ணீர் பிடிப்பது போன்றதுதான் இதுவும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினி வலையமைப்பை அணுகுவதைத் தவறு என்கிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

பகிர்ந்தால் செய்ய வேண்டிய காவல்

ஒரே வைஃபையில் இருப்பவர்கள் ஒரே வீட்டுக்குள் இருப்பவர்களைப் போன்றவர்கள். உங்கள் கணினியில் பகிர்ந்து வைத்த கோப்புறை, பிரிண்டர், வீட்டு கேமரா ஆகியவை அவர்களின் கருவிகளுக்கும் தெரியக்கூடும். ஹாலில் கேமரா மாட்டி, அதன் கடவுச்சொல்லைத் தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டிருக்கும் வீடுகள் நிறைய. வீட்டுப் பெண்கள் அந்நியர் பார்வை படாமல் இருக்க வாசலில் திரை போடும் நாம், இந்த வாசலைத் திறந்து வைத்துவிடக் கூடாது.

எனவே:

• வைஃபை பாதுகாப்பு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். டபிள்யூஇபி என்ற பழைய முறை பல ஆண்டுகளுக்கு முன்பே உடைக்கப்பட்டுவிட்டது.

• கடவுச்சொல்லில் கைபேசி எண்ணோ பிள்ளையின் பெயரோ வேண்டாம். தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள்.

• வைஃபை கடவுச்சொல் வேறு, ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் வேறு. இரண்டாவதையும் மாற்றுங்கள். அது பழையபடியே இருந்தால் உள்ளே வந்த யாரும் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.

• டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதியை அணைத்துவிடுங்கள்.

• விருந்தினருக்கும் உறவினருக்கும் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்ற தனி வைஃபையைத் திறந்து கொடுங்கள். அதில் இருப்பவருக்கு இணையம் கிடைக்கும், உங்கள் வீட்டுக் கருவிகள் தெரியாது. ஆனால் வெளியே தெரியும் முகவரி அப்போதும் உங்களுடையதுதான்.

• வந்து தங்கியவர் வீட்டைக் காலி செய்த அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். சாவியைத் திரும்ப வாங்குகிறோம் அல்லவா?

கணக்கை எழுதி வையுங்கள்

499 ரூபாய்த் திட்டம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 589 ரூபாய் வரும். ஒரே வீட்டின் இரண்டு குடும்பங்கள் பகிர்ந்தால் ஆளுக்கு 295 ரூபாய்க்குள் முடிந்துவிடும். தொகை சிறியதுதான். ஆனால் யார் எந்தத் தேதிக்குள் தருவது, ரவுட்டர் பழுதானால் யார் செலவு, ஒருவர் விலகினால் முன்பணம் என்னவாகும் என்பதைப் பேசாமல் விட்டால், இந்த 295 ரூபாய் அண்ணன் தம்பி உறவில் கீறல் போட்டுவிடும். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான். ஒரு தாளில் நான்கு வரி எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று இரவே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் ரவுட்டர் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியைக் கணினியில் தட்டி உள்ளே சென்று, ‘இணைந்துள்ள கருவிகள்’ என்ற பட்டியலைப் பாருங்கள். வீட்டில் எத்தனை கருவிகள் இருக்கின்றன என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து எண்ணுங்கள். பட்டியலில் அதைவிடக் கூடுதலாக இருந்தால், கடவுச்சொல்லை மாற்றிவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும்.